மடுல்சீமையில் ஒரு கோப்பியிலை

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறுவோர் இன்று காண்பது பெரும்பாலும் தேயிலையே. ஆயின் 1869 ஆம் ஆண்டில் அம்மலைகள் கோப்பிக்குரியனவாயிருந்தன. அவ்வாண்டிலேதான் அங்குள்ள தோட்டமொன்றிற் கோப்பியிலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சட் பொடி படிந்திருத்தலை இலங்கையில் முதன்முதலாகக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் அறிஞருக்கு அனுப்பினார். அவர் அதனைப் புதியதொரு பங்கசு எனக் கண்டு, எமிலேயா வாசுதாத்திரிக்சு எனப் பெயரிட்டார். முற்பெயர் அதன் வித்தி ஒருபாதி வழுவழுப்பானதென்பதைக் குறிக்கும். பிற்பெயருக்குப் 'பாழாக்குவது' என்பது பொருள். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கின் இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திராது.

நோய்க்குக் காரணம் மண்ணின் களைப்பென்றனர் சிலர். மழையென்றனர் வேறு சிலர். 1880 இல் மார்சல் வாட் என்னும் இளைஞர் இதனை ஆராய இலங்கை வந்தார். அவருக்கு அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை. கிளிசரீன் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய வித்திகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். அவை ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுதலையும் விளக்கினார். மலைதோறும் இடையறாது ஒரே பயிரை நட்டமை காற்றுக்கு வழி திறந்துவிட்டதென அவர் உணர்த்தினார். ஆனால் 1882 இல் அவர் திரும்பியபோது கோப்பியைக் காக்கும் மருந்து கிட்டியிருக்கவில்லை. தோட்டக்காரர் வேண்டியது மருந்து. அவர் கொடுத்தது உண்மை. 1884 இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்தது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தி ஒரு மக்களின் வரலாற்றையே திருப்பிவிட்டது. நம் நூல்கள் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடந்தருவதில்லை.

இவ்வரலாற்றைப் பல்லாண்டு வகுப்பிற் பத்து நிமிடத்திற் சொல்லி முடித்தவன் யான். மடுல்சீமையில் லயமொன்றின் பின்னே நின்ற கோப்பிச் செடியின் இலையைப் புரட்டியபோது, நூலிற் படித்த அதே பொடி விரலில் ஒட்டியது. அருகில் நின்ற முதிய தொழிலாளி ஒருவர், "அது அப்படித்தாங்க ஐயா, காத்தடிச்சா மத்த மரத்துக்கும் போயிரும்" என்றார். வாட் இரண்டாண்டு உழைத்து நிறுவியதை அவர் செடியிடமே கற்றிருந்தார். என் குறிப்பேட்டை மூடிவிட்டு, அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றேன்.