கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பு

மாண்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாக டெல்லிக்கும் பம்பாய்க்கும் வரவிருந்த ஏர் இந்தியாவின் 182ஆம் எண் விமானம், 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்தின் தென்மேற்குக் கடற்பரப்புக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறிய நிகழ்வு. விமானத்தில் இருந்த 329 பேரும் இறந்தனர். பயணிகள் 307, பணியாளர்கள் 22. ஏர் இந்தியா அக்காலத்தில் தன் ஜம்போ விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டிவந்தது. இந்த போயிங் 747க்குக் குஷாண மன்னர் கனிஷ்கரின் பெயர் வாய்த்திருந்தது. இந்தியாவில் இந்நிகழ்வு அப்பெயராலேயே அறியப்படுகிறது. கனடாவில் 'ஏர் இந்தியா' என்று சொன்னாலே இதைத்தான் குறிக்கும்.

2001 செப்டம்பர் 11க்கு முன்பு விமானங்களைக் குறிவைத்த பயங்கரவாதத்தில் இவ்வளவு உயிர்கள் ஒருசேரப் போனதில்லை. கனடிய வரலாற்றில் இன்றுவரை இதுவே மிகப் பெரிய கூட்டுக்கொலை. ஆயினும் அந்த நாட்டில் இது இருபது ஆண்டுகள் வெளிநாட்டுச் செய்தியாகவே கிடந்தது. குண்டு வைத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு நிகராக, இறந்தவர்கள் எந்த நாட்டின் மக்கள் என்ற கேள்வியும் இந்நிகழ்வைத் தொடர்ந்து வந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை இருந்தும் அது எளிதில் ஏற்கப்படவில்லை.

பின்னணி

1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தம் மெய்க்காப்பாளர்களால் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் டெல்லியிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் படுகொலை செய்யப்பட்டனர். புலம்பெயர்ந்த சீக்கியரிடையே மூண்ட கொதிப்பைக் காலிஸ்தான் என்ற தனிநாடு கோரிய ஆயுதக் குழுக்கள் பயன்படுத்திக்கொண்டன. அவற்றில் ஒன்று பப்பர் கால்சா. கனடாவில் அதன் தலைவர் தல்விந்தர் சிங் பர்மார். கனடாவின் சீக்கியர் அனைவரும் அந்த வழியில் நின்றதாக எண்ணுவது பிழை. வன்முறையை வெளிப்படையாக எதிர்த்த வழக்கறிஞர் உஜ்ஜல் தோசாஞ்ஜ் 1985 பிப்ரவரியில் இரும்புத் தடியால் கடுமையாகத் தாக்கப்பட்டார். பிற்காலத்தில் அவர் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல்வரானார்.

பெட்டியின் பயணம்

ஜூன் 22 அன்று வான்கூவர் விமான நிலையத்தில் எம். சிங் என்ற பெயரில் சீட்டு வாங்கியிருந்த ஒருவர் வரிசையில் நின்றார். டொராண்டோ வரைக்கும்தான் அவருக்கு இடம் உறுதியாகியிருந்தது. ஏர் இந்தியா விமானத்தில் அவர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார். ஆனாலும் தம் பெட்டியை நேரே இந்தியா வரைக்கும் பதிந்து அனுப்பச் சொல்லி விடாப்பிடியாக நின்றார். விதி இடம் தராது என்று மறுத்த ஊழியர், பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனதால் கடைசியில் இசைந்தார். பெட்டி ஏறியது. பெட்டிக்குரியவர் ஏறவில்லை.

டொராண்டோவில் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே கருவி பாதியில் பழுதானது. மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் முகர்ந்து பார்த்து ஏற்றினர். மாண்ட்ரியலில் சந்தேகத்துக்குரிய மூன்று பெட்டிகள் தனியே நிறுத்தப்பட்டன, விமானம் மட்டும் நிறுத்தப்படவில்லை. காவல்துறையின் மோப்ப நாய் வந்து சேர்வதற்குள் அது கிளம்பிவிட்டது. மத்தியக் காவல்துறையின் மோப்ப நாய்கள் எல்லாம் பயிற்சிக்காக அன்றைக்கு வான்கூவர் சென்றிருந்ததும் பின்னாளில் விசாரணையில் தெரியவந்தது.

வான்கூவரிலிருந்து டோக்கியோ சென்ற வேறொரு விமானத்திலும் இதேபோல ஆளில்லாப் பெட்டி ஒன்று ஏற்றப்பட்டிருந்தது. பாங்காக் செல்லவிருந்த ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றும்போது நரிட்டா நிலையத்தில் அது வெடித்து, சுமை தூக்கும் தொழிலாளர் இருவர் இறந்தனர். அதற்கு 55 நிமிடங்கள் கழித்து, சுமார் 31,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த கனிஷ்கா, ஷானன் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் திரையிலிருந்து மறைந்தது.

அயர்லாந்துக் கடற்படையும் பிரிட்டிஷ் ஹெலிகாப்டர்களும் வழியில் சென்ற சரக்குக் கப்பல்களும் தேடியதில் 130க்கு மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. மற்றவை கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் 80க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் புறப்பட்டவர்களே அதிகம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தை உலக அளவில் அறியச்செய்த அறிவியலாளர் யலவர்த்தி நாயுடம்மாவும் இதில் மாண்டார்.

விசாரணையும் வழக்குகளும்

இந்திய அரசு நியமித்த நீதிபதி பி. என். கிர்பால் ஆணையம், விமானம் வீழ்ந்ததற்குக் குண்டே காரணம் என்று 1986இல் அறிவித்தது. கனடாவில் குற்றவிசாரணை இழுத்துக்கொண்டே போனது. அந்நாட்டு உளவு அமைப்பு தொடங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. குண்டுவெடிப்புக்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் 4 அன்று, அதன் ஆட்கள் பர்மாரையும், பின்னாளில் தண்டனை பெற்ற இந்தர்ஜித் சிங் ரெயாத்தையும் வான்கூவர் தீவின் டங்கன் ஊருக்கு அருகில் ஒரு காடு வரைக்கும் பின்தொடர்ந்தனர். உள்ளே இருந்து பெரிய வெடியோசை கேட்டது. துப்பாக்கிச் சத்தம் என்று எழுதிவைத்துக்கொண்டு திரும்பிவிட்டனர். பர்மாரின் தொலைபேசி உரையாடல்களைப் பதிந்த ஒலிநாடாக்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அதே அமைப்பு பிறகு அழித்துவிட்டது. காவல்துறைக்கும் உளவு அமைப்புக்கும் இடையிலான பனிப்போரில் வழக்குக்கு நேர்ந்த சேதங்களில் இதுவே பெரிது.

பர்மார் 1992 அக்டோபரில் பஞ்சாப் காவல்துறையால் கொல்லப்பட்டார். வழக்கில் முக்கியச் சாட்சியாக வந்திருக்கக்கூடிய பஞ்சாபிப் பத்திரிகை ஆசிரியர் தாரா சிங் ஹாயர் 1998 நவம்பரில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முன்பு காவல்துறைக்கு அளித்த வாக்குமூலம் அத்தோடு பயனற்றுப்போனது. குற்றஞ்சாட்டப்பட்ட ரிபுதமன் சிங் மாலிக், அஜாயிப் சிங் பாக்ரி இருவரையும் வான்கூவரில் நீதிபதி இயன் ஜோசப்சன் 2005 மார்ச் 16 அன்று விடுவித்தார். சாட்சிகள் நம்பத்தக்கவர்கள் அல்லர் என்பதே காரணம். விசாரணைக்கும் வழக்குக்கும் ஆன செலவு சுமார் 13 கோடி கனடிய டாலர் எனப்பட்டது.

தண்டனை பெற்றவர் ரெயாத் ஒருவர்தான். நரிட்டா சாவுகளுக்காக 1991இல் 10 ஆண்டுகள், கனிஷ்காவுக்காக 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 ஆண்டுகள், மாலிக் வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக 2011இல் 9 ஆண்டுகள். 329 உயிர்களுக்கு 5 ஆண்டு, பொய்க்கு 9 ஆண்டு என்ற இந்தக் கணக்கைக் குடும்பத்தினர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

யாருடைய இழப்பு

இறந்தவர்களில் கனடியர் 268 என்றும் 280 என்றும் கணக்குக்குத் தக்கபடி சொல்லப்படுகிறது. எப்படிப் பார்த்தாலும் பெரும்பான்மையினர் அவர்களே. ஆனாலும் செய்தி கிடைத்ததும் கனடியப் பிரதமர் பிரையன் மல்ரோனி இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியைத் தொலைபேசியில் அழைத்து இரங்கல் தெரிவித்தார். சொந்த நாட்டுக் குடிமக்கள் இறந்ததற்கு வேறு நாட்டுத் தலைவரிடம் துக்கம் விசாரித்த இந்தச் செயல், குடும்பத்தினர் பேசும் கூட்டங்களில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. மல்ரோனியை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. பழுப்பு நிறத்தவர், இந்தியப் பெயர்கள், இந்திய விமானம், இந்தியத் தகராறு என்ற பார்வை செய்தியாளர்களிடமும் அதிகாரிகளிடமும் இருந்தது. இறந்தவர்கள் வெள்ளையராக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று குடும்பத்தினர் கேட்டதற்கு அரசுத் தரப்பு நேரடியாகப் பதில் சொன்னதில்லை.

மாற்றம் 2005இல் தொடங்கியது. விடுதலைத் தீர்ப்பு எழுப்பிய சினத்துக்குப் பின், பால் மார்ட்டின் அரசு ஜூன் 23ஐப் பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டோருக்கான தேசிய நினைவு நாளாக அறிவித்தது. ஸ்டீபன் ஹார்ப்பர் அரசு 2006இல் ஓய்வுபெற்ற உச்சநீதிமன்ற நீதிபதி ஜான் மேஜரின் தலைமையில் பொது விசாரணை ஆணையம் அமைத்தது. 2010 ஜூன் 17 அன்று வெளியான ஐந்து தொகுதி அறிக்கையின் தலைப்பே இதைக் கனடியத் துயரம் என்று குறிப்பிட்டது. எச்சரிக்கைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாமல் சிதறிக் கிடந்ததையும், குடும்பத்தினரை அரசு எதிராளிகள்போல நடத்தியதையும் அது கடுமையாகச் சாடியது. ஆறு நாள் கழித்து, 25ஆம் நினைவு நாளில், ஹார்ப்பர் டொராண்டோவில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

சட்டமும் அறிக்கையும் வந்துவிட்டதால் பொதுநினைவும் தானாக வந்துவிடவில்லை. ஆங்கஸ் ரீட் நிறுவனம் 2023இல் எடுத்த கருத்துக்கணிப்பில், பத்தில் ஒன்பது கனடியருக்கு இந்நிகழ்வைப் பற்றிச் சிறிதளவே தெரியும் அல்லது ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. 35 வயதுக்கு உட்பட்டோரில் பாதிக்கு மேல் கேள்விப்பட்டதே இல்லை.

நினைவிடங்கள்

முதல் நினைவிடம் கனடாவிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கார்க் பகுதியில் அஹாகிஸ்டா என்ற கடலோரச் சிற்றூரில், நிகழ்ந்த ஓராண்டில், 1986 ஜூன் 23 அன்று அது திறக்கப்பட்டது. சிற்பி கென் தாம்ஸன் வடித்த சூரியக் கடிகாரம் அதன் நடுவில் உள்ளது. உடல்களை அடையாளம் காட்ட வந்த குடும்பத்தினரைத் தம் வீடுகளில் ஏற்றுக்கொண்ட கார்க் மக்களுக்கும் அவர்களுக்கும் ஏற்பட்ட உறவு அறுபடவே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஊரார் கூடுகின்றனர், பள்ளிப் பிள்ளைகள் பங்கேற்கின்றனர். இறந்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் ஊர் முதலில் செய்ததை, இறந்தவர்களின் நாடு செய்து முடிக்க இருபதாண்டுக்கு மேலாயிற்று: டொராண்டோவிலும் வான்கூவரிலும் 2007இல், மாண்ட்ரியலில் 2011இல், ஒட்டாவாவில் 2014இல்.

கலையும் ஆய்வும்

அரசு மௌனம் காத்த காலத்தில் எழுத்தாளர்கள் பேசினர். பாரதி முகர்ஜியும் கிளார்க் பிளெய்ஸும் 1987இலேயே ஒரு நூல் எழுதி, இது கனடாவின் துயரம் என்று வாதிட்டனர். முகர்ஜியின் சிறுகதை 'துயரத்தின் மேலாண்மை' வட அமெரிக்க வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது. பத்மா விஸ்வநாதன் 2014இல் இப்பொருளை நாவலாக்கினார். பரதநாட்டியக் கலைஞர் லதா பாதா, கணவரையும் இரு மகள்களையும் இந்த விமானத்தில் இழந்தவர். தம் இழப்பையே 2001இல் மேடை நிகழ்ச்சியாக்கினார். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சந்திரிமா சக்ரவர்த்தி முன்னின்று, குடும்பங்களின் புகைப்படங்களையும் கடிதங்களையும் ஆவணமாகத் திரட்டிவருகிறார்.

தொடரும் சர்ச்சை

இந்திய உளவுத்துறையே குண்டு வைத்திருக்கலாம் என்ற கதை 1989இல் வெளியான ஒரு நூலால் பரவியது. மேஜர் ஆணையம் அதை ஏற்கவில்லை, சதியின் தலைமை பர்மாரே என்று கூறியது. ஆனாலும் கனடாவின் சில குருத்வாராக்களில் பர்மாரின் படம் தியாகியாக மாட்டப்பட்டிருந்தது. புதிய ஜனநாயகக் கட்சியின் அன்றைய தலைவர் ஜக்மீத் சிங் இதைக் கண்டிக்க 2017இல் தயங்கியதும், 2018இல் ஆணையத்தின் முடிவை ஏற்றதும் பெரிதாக விவாதிக்கப்பட்டன. 2023இல் கனடாவின் சரே நகரில் காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்ட பின் இந்த நினைவு இரு நாட்டு உறவின் பூசலுக்குள் இழுக்கப்பட்டது. 2024 ஜூனில் கனடிய நாடாளுமன்றம் நிஜ்ஜாருக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தது. இந்தியத் தூதரகமோ அதே வாரத்தில் கனிஷ்கா நினைவு நிகழ்ச்சிக்கு அழைப்பு விடுத்து அதற்கு எதிர்வினை காட்டியது. இரு தரப்புக்கும் கனிஷ்கா கைக்கெட்டிய கருவி. குடும்பத்தினர் கேட்டது அதுவன்று.

2025இல் 40ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்காக அயர்லாந்துப் பிரதமர் மீஹால் மார்ட்டின், இந்திய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, கனடியப் பொதுப் பாதுகாப்பு அமைச்சரான ஈழத்தமிழர் கேரி ஆனந்தசங்கரி ஆகியோர் அஹாகிஸ்டாவில் கூடினர். அதையொட்டி, டங்கன் காட்டு வெடியோசையின்போது பர்மாருடனும் ரெயாத்துடனும் இருந்த மூன்றாம் ஆளை ஒருவழியாக அடையாளம் கண்டுவிட்டதாகக் கனடியக் காவல்துறை தெரிவித்தது. 'எக்ஸ்' என்று மட்டும் நாற்பது ஆண்டுகள் குறிக்கப்பட்டுவந்த அவர், வழக்கு எதையும் சந்திக்காமலே இறந்துபோயிருந்தார். அவருடைய பெயரை வெளியிடத் தனியுரிமைச் சட்டம் இடம் தரவில்லை என்றும் காவல்துறை கூறியது.