வைகைக் கரையும் பிட்டுக்கூலியும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள். அவற்றுள் 25 கணக்கும் திறனறிவும் சார்ந்தவை. பாடத்திட்டத்தில் ‘நேரம் மற்றும் வேலை’ என்றொரு தலைப்பு உண்டு. ஒருவர் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார், மற்றவர் 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்பது அதன் அடிப்படை வடிவம். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரைக்கு வந்து படிக்கும் நம் தமிழிலக்கிய மாணவர்கள் இதனை ஒரு வாய்பாடாக மனனம் செய்துவிடுகிறார்கள். இரண்டு எண்களையும் பெருக்கு, கூட்டுத்தொகையால் வகு. 150ஐ 25ஆல் வகுத்தால் 6. விடை சரிதான். ஆனால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்க அவர்களுக்கு அவகாசமில்லை. நாமாவது கேட்டுப் பார்ப்போம்.

இக்கணக்கின் பழைய வடிவங்களில் முன்னிற்பது மனிதனல்லன், நீர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் தொகுக்கப்பட்ட ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் கணித நூலின் ஆறாம் அத்தியாயத்தில், ஐந்து கால்வாய்கள் ஒரு குளத்தை நிரப்புகின்றன. 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் நான்கு ஊற்றுகள் வருகின்றன. முதல் ஊற்று ஒரு நாளிலும், மற்றவை அரை நாள், மூன்றிலொரு நாள், ஆறிலொரு நாளிலும் நீர்நிலையை நிரப்பும். நான்கையும் ஒருசேரத் திறந்தால்?

வழி எளிது. நாள்களைக் கூட்டக்கூடாது, ஒரு நாளில் நடக்கும் வேலையைக் கூட்டவேண்டும். முதல் ஊற்று ஒரு நாளில் ஒரு முறை நிரப்பும், அடுத்தவை இரண்டு, மூன்று, ஆறு முறை. மொத்தம் 12. எனவே நீர்நிலை நிரம்ப ஒரு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். நாளொன்றுக்கு 60 நாழிகை என்னும் நம் பழைய அளவில் அது சரியாக 5 நாழிகை. மாணவர் மனனம் செய்யும் வாய்பாடும் இதிலிருந்து பிறந்ததே: பத்திலொன்றையும் பதினைந்திலொன்றையும் கூட்டினால் ஆறிலொன்று. இந்த ஒரு படியை விளங்கிக்கொண்டவர் மூவர் வந்தாலும், நடுவில் ஒருவர் விலகினாலும் தடுமாறமாட்டார்.

நீருக்கு இக்கணக்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஊற்றுக்குக் களைப்பில்லை, கூலியில்லை. ஓர் ஊற்று மற்றொன்றின் முகம் பார்ப்பதில்லை. மனிதரை ஊற்றின் இடத்தில் வைக்கும்போதுதான் சிக்கல். மேற்சொன்ன சீன நூலின் அதே ஆறாம் அத்தியாயம், குடும்பங்களின் எண்ணிக்கையையும் வழித்தொலைவையும் கருதி அரசுக்கான சுமையை ஊர்களுக்கு எவ்வாறு நியாயமாகப் பங்கிடுவது என்பதையும் பேசுகிறது. கூட்டு வேலைக் கணக்குக்குப் பக்கத்திலேயே பங்கீட்டின் நியாயமும் இருந்தது என்பதை இங்கே கவனிக்கவேண்டும்.

அந்த நியாயத்தைப் பற்றிய கதை ஒன்று மதுரையில் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது 61ஆம் படலமான மண் சுமந்த படலம். வைகை பெருகிக் கரை உடைகிறது. பாண்டியன் கரையை அளந்து ஊராருக்குப் பங்கிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு விழுகிறது, அவளுக்கோ ஆளில்லை. கூலியாளாய் வந்த இறைவன் பிட்டையே கூலியாகப் பெற்று உண்டு, ஆடிப்பாடி, உறங்கி, அவள் பங்கை அடைக்காமல் விடுகிறான். சமயப்பொருளை ஒரு கணம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால், பங்குகள் பிரிக்கப்பட்டன, ஆனால் அவற்றைச் சுமக்கும் கைகளின் வலு கணக்கில் வரவில்லை என்பதே இக்கதையின் தொடக்கம்.

கரையடைக்கும் கடமை கதையோடு நிற்கவில்லை. ஏரி, கால்வாய்களை ஊரார் கூடிப் பேணும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றனர். 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் அருகிலுள்ள உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்கள் வேலைக்கு வரவேண்டும் என்றது. பாண்டியன் பங்கு ஊர் முழுவதற்கும். சட்டத்தின் பங்கு உழைப்பவனுக்கு மட்டும். கரை காத்த நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இனி நம் தேர்வுக் கணக்குக்கு வருவோம். அந்த இருவரும் 6 நாள் சேர்ந்து உழைத்து 6,000 ரூபாய் பெற்றால் எவ்வாறு பிரிப்பது? தேர்வின் விடை 3,600, 2,400. ஏனெனில் வேலையில் ஐந்தில் மூன்று பங்கு முதலாமவருடையது. நாட்கூலி முறையில் கேட்டால் இருவரும் 6 நாள் உழைத்தவர்கள், ஆளுக்கு 3,000. இரண்டும் கணக்குப்படி சரியே. எதனை அளப்பது, வேலையையா நாளையா, என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. மூன்று ஆண்களின் வேலை ஐந்து பெண்களின் வேலைக்குச் சமம் என்று தொடங்கும் கணக்குகளும் அப்படியே. சம வேலைக்குச் சம ஊதியம் தரும் சட்டம் 1976இல் வந்தது. பயிற்சிக் கணக்குகளில் பெண் இன்னும் குறைந்த ஆளாகவே வருகிறாள். வைகைப் பாசன வயல்களில் நாற்று நடுபவர்கள் பெண்களே என்பதை அறிந்த ஊரில் இக்கணக்கைப் போடும் மாணவி, விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லத்தான் வேண்டும். அவளுக்கு வேலை வேண்டும். ஆனால் வகுப்பறையில் நாம் அவளோடு அந்த முதல் வரியில் சற்று நிற்கலாம்.

கதையில் பாண்டியன் பிரம்பால் அந்தக் கூலியாளை அடிக்கிறான். அந்த அடி பங்கிடப்படவில்லை. அரசன் முதுகிலும், ஊரார் ஒவ்வொருவர் முதுகிலும் அது முழு அடியாகவே விழுந்தது. ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் வைகைக் கரையருகே பிட்டுத்தோப்பில் இந்நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. நேரமும் வேலையும் படிக்கும் நம் மாணவர்கள் ஒருமுறை அங்கே சென்று பார்க்கலாம்.