பேரன்ட் ஐடி வந்த வழி

பயனர்களுக்கு ஓர் அட்டவணை, குழுக்களுக்கு ஓர் அட்டவணை, யார் எந்தக் குழுவில் என்பதைச் சொல்ல மூன்றாவது. குழு அட்டவணையில் 'பேரன்ட் ஐடி' என்று ஒரு நெடுவரிசை. இந்தக் குழு எந்தக் குழுவுக்குள் அடங்கும் என்று அது காட்டும். டேட்டாபேஸ் பழகியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் குழுவுக்குள் குழுவைப் பதிந்துவைக்கும் கலை கணினிக்கு மிக மூத்தது. இராமநாதபுரம் சீமை அதன் பல கட்டங்களைக் கண்டிருக்கிறது.

சோழர் கல்வெட்டில் ஒருவர் பெயர் பெரும்பாலும் தனியே வராது. மண்டலம், வளநாடு, நாடு, ஊர் என்று படியிறங்கித்தான் அவரிடம் வந்து சேரும். முதலாம் இராசராசன் வென்றபின், இராமநாதபுரம் அடங்கிய பாண்டிய நாடு 'இராசராசப் பாண்டிநாடு' ஆயிற்று. மேற்படியின் பெயர் மாறினால் அடியிலுள்ள ஊர்களின் விலாசமெல்லாம் மாறும். முழுப் பாதையையும் பெயரோடு சேர்த்து எழுதுவதில் உள்ள இடைஞ்சல் இது.

அந்த முறை இன்றும் கடலில் மிதக்கிறது. இராமேசுவரம் விசைப்படகுகளின் பதிவெண் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும். நாட்டிலிருந்து மாநிலம் வழியாகப் படகுவரை அந்த ஒரே எண்ணில் இறங்கி வந்துவிடலாம்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குவதைப் பதியும் சிக்கல் 1960களில் நிலவுப் பயணத்துக்கும் வந்தது. அப்போலோ திட்டத்தில் பாகத்துக்குள் பாகம், அதற்குள் உறுப்பு என்று எழுதி மாளவில்லை. ஐபிஎம் நிறுவனமும் ராக்வெல் நிறுவனமும் சேர்ந்து ஐஎம்எஸ் என்ற மென்பொருளை உருவாக்கின; 1968இல் அது ஓடத் தொடங்கியது. தகவல்களை மரம்போல் கிளைகிளையாக வைத்தது அது. எந்திர உறுப்புக்கு அது பொருந்தும். ஒரு மீனவரோ ஊரிலும் இருப்பார், கூட்டுறவுச் சங்கத்திலும் இருப்பார், படகு உரிமையாளர் சங்கத்திலும் இருப்பார். ஒரே கிளையில் அவர் அடங்கமாட்டார்.

அதே ஐபிஎம்மில் வேலைபார்த்த இங்கிலாந்துக்காரர் எட்கர் காட், 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். மரம் வேண்டாம், எல்லாவற்றையும் அட்டவணையாக வையுங்கள், மதிப்புகளே ஒன்றையொன்று இணைக்கட்டும் என்றார். ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் ஐபிஎம் நிதானமாகவே நடந்தது. அது வெளியிட்ட ஆய்வுகளைப் படித்த லாரி எலிசனின் சிறு நிறுவனம் முந்திக்கொண்டு 1979இல் ஆரக்கிளை விற்பனைக்கு விட்டது. முதல் விற்பனைப் பதிப்புக்கே 'இரண்டு' என்று எண் கொடுத்தார்கள். ஐபிஎம்மின் சொந்தச் சரக்கு 1981இல்தான் கடைக்கு வந்தது. பேரன்ட் ஐடியைப் பிடித்துப் படியேறும் 'கனெக்ட் பை' கட்டளை ஆரக்கிள் வழியே பரவியது. 1999இல் எஸ்க்யூஎல் தரநிலையே 'வித் ரிகர்சிவ்' என்ற பொதுவழியைத் தந்தது.

இந்த நெடுவரிசையின் அருமை, எல்லைகள் மாறும்போது தெரியும். மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து 1910இல் பிறந்த இராமநாதபுரம் மாவட்டம், 1985இல் மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கை ஒரு பக்கம், விருதுநகரும் சிவகாசியும் இன்னொரு பக்கம். பாதையைப் பெயரில் எழுதியிருந்தால் ஊர் ஊராகத் திருத்த வேண்டும். பேரன்ட் ஐடி இருந்தால் அந்தந்த வட்டத்தின் வரியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கிராமத்தையும் அதில் வாழும் மனிதரையும் தொடவே வேண்டாம்.

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 1984இல் சிவகாசியில் எழுதிய கிரயப் பத்திரம் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றுதான் சொல்லும், அது பிழையில்லை. பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதினால் அந்த வரலாறு போய்விடும். ஆகவே குழுக்களின் அட்டவணையை வடிவமைப்பவர்கள், எந்தத் தாய்க்குழு எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதையும் பதிந்துவையுங்கள்.