நொசொஸ் மாளிகையும் களிமண் ஏடுகளும்

மத்தியதரைக் கடலின் கிழக்குப் பாகத்திலே, கிரேக்க நாட்டுக்கும் ஆபிரிக்காவுக்கும் இடையே குறுக்காகக் கிடக்கும் நீண்ட தீவு கிறீற் ஆகும். கிழக்கு மேற்காக 260 கிலோமீற்றர் நீளமுடைய இத்தீவின் அகலம் ஓரிடத்தில் 12 கிலோமீற்றர் அளவிற்கே குறுகிவிடுகின்றது. இச்சிறு பரப்பினுள்ளே 2,456 மீற்றர் உயர்ந்த ஐடா மலையும், மேற்கிலே பனி மூடும் வெண்மலைகளும், அவற்றைப் பிளந்து கடல்வரை செல்லும் சமாரியாப் பள்ளத்தாக்கும், தெற்கிலே ஒலிவ மரங்கள் நிறைந்த மெசாராச் சமவெளியும் அமைந்துள்ளன. உரோமர், அராபியர், வெனீசியர், துருக்கர் எனப் பலர் இத்தீவை ஆண்டனர். 1913 ஆம் ஆண்டில் அது கிரேக்க நாட்டுடன் இணைந்தது. எனினும் தீவிற்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் நாடுவது, இராக்லியோன் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நொசொஸ் மாளிகையையே.

அங்கே அவர்கள் காண்பன யாவை? மேலே பருத்துக் கீழே சிறுத்த செந்நிறத் தூண்கள், அடுக்கடுக்கான மாடங்கள், சுவரெங்கும் வண்ண ஓவியங்கள். இவற்றுட் பெரும் பகுதி கி. மு. இரண்டாம் ஆயிரத்தாண்டுக்கு உரியதன்று; கி. பி. இருபதாம் நூற்றாண்டுக்கு உரியது. 1878 இல் இராக்லியோன் வாசியான மினோஸ் கலோக்கைரினோஸ் என்பவர் இம்மேட்டிலே பெருஞ்சாடிகள் நிறைந்த களஞ்சிய அறைகளை முதன்முதலிற் கண்டார். ஆயினும் 1900 இல் நிலத்தை விலைக்கு வாங்கி முழுமையாக அகழ்ந்தவர் ஆங்கிலேய அறிஞர் ஆதர் எவன்ஸ். புராண மன்னன் மினோஸின் பெயரால் இந்நாகரிகத்திற்கு மினோவர் நாகரிகம் எனப் பெயர் வழங்கச் செய்தவரும் அவரே. பண்டைய மரத்தூண்கள் எரிந்தும் உக்கியும் போயினமையால், அவர் இரும்பிட்ட சீமெந்தினால் தூண்களையும் மேல்மாடிகளையும் எழுப்பினார். ‘லில்லி மலர் இளவரசன்’ எனப் புகழ்பெற்ற ஓவியமும் வெவ்வேறு உருவங்களுக்குரிய துண்டுகளை ஒன்றாகப் பொருத்தியது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

இதன் பொருட்டு எவன்ஸை முற்றாகப் பழித்தல் நியாயமன்று. தாங்குதூண் இன்றிப் பெரும் படிக்கட்டு இடிந்து வீழ்ந்திருக்கும். ஆனால் சீமெந்து கொண்டு மாளிகையைக் கட்டியது போலவே, கருத்துக் கொண்டு ஒரு வரலாற்றையும் அவர் கட்டினார் என்பதே கவனிக்கத் தக்கது. மினோவர் கிரேக்கரல்லர், அவர்களே கிரேக்கப் பெருநிலத்தையும் ஆண்டனர், நொசொஸின் மொழியும் இறுதிவரை கிரேக்கமன்று என்று அவர் உறுதியாக நம்பினார். மைசீனியை அகழ்ந்த அலன் வேஸ் இதனை மறுத்தபோது, அவர் குரல் எடுபடவில்லை. எவன்ஸின் புகழ் அத்தகையது.

அப்புகழை எதிர்க்கும் சான்றினை எவன்ஸே தம் கையால் அகழ்ந்தெடுத்திருந்தார் என்பது வியப்பு. மாளிகையில் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. அவை சூளையிற் சுடப்பட்டவையல்ல. மாளிகையை அழித்த தீயே அவற்றைச் சுட்டுக் காத்தது. அவற்றின் எழுத்துக்கு லீனியர் பீ என்றும், அதனின் முற்பட்ட எழுத்துக்கு லீனியர் ஏ என்றும் அவர் பெயரிட்டார். 1941 இல் அவர் இறக்கும்வரை நொசொஸ் ஏடுகளுட் பெரும்பாலானவை வெளியிடப்படவில்லை. இது கல்வியுலகிற்கு நேர்ந்த பெருங்குறை.

பின்னர் அமெரிக்கப் பேராசிரியை அலிஸ் கோபர், யுத்தகாலக் கடதாசித் தட்டுப்பாட்டினிடையே பழைய தாள்களை வெட்டிக் குறிப்பெழுதி, இம்மொழியின் சொல்லிறுதிகள் வேற்றுமை போன்று திரிபடைவதை நிறுவினார். 1950 இல் காலமானார். அவர் இட்ட அடியின்மேல் நின்றவர் மைக்கேல் வென்றிஸ் என்னும் கட்டடக் கலைஞர். பதினான்கு வயதிலே எவன்ஸின் பேச்சைக் கேட்டு இவ்வெழுத்தில் ஈடுபட்ட அவர், அம்மொழி எத்திரஸ்கருடையதற்கு இனமானது என்றே நெடுங்காலம் எண்ணினார். நொசொஸ், அம்னிசோஸ் முதலிய ஊர்ப்பெயர்களை ஊகித்து ஒலிகளைப் பொருத்தியபோது, தாம் எதிர்பாராத கிரேக்கச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. 1952 யூலை முதலாந் திகதி வானொலியில் இதனை அறிவித்தார். ஐயுற்றோர் பலர். மறு ஆண்டிலே, பெருநிலத்துப் பைலோஸில் கிடைத்த ஏடொன்று ஐயத்தைப் பெரிதும் தீர்த்தது: முக்காலிப் பாத்திரம், நான்கு பிடிச் சாடி, மூன்று பிடிச் சாடி, பிடியில்லாச் சாடி என்னும் படங்களுக்கு அருகே, வென்றிஸின் முறைப்படி வாசித்தால், அவற்றிற்குரிய கிரேக்கப் பெயர்களே இருந்தன.

எனவே நொசொஸ் மாளிகையின் இறுதிக் காலத்தில் அங்குக் கணக்கெழுதியோர் கிரேக்க மொழியையே கையாண்டனர். பெருநிலத்தவரே தீவின் மேல் ஆட்சி செலுத்தினர் என்பது தெளிவாயிற்று. ஏடுகளிற் காவியமில்லை. செம்மறி ஆடுகள், கம்பளி, எண்ணெய், தேன் என்னும் கணக்குகளே உள. ஆடுகள் மட்டும் ஏறத்தாழ 1,00,000. ஓர் ஏடு எல்லாத் தெய்வங்களுக்கும் ஒரு சாடி தேனும், லபிரிந்தின் தலைவிக்கு ஒரு சாடி தேனும் எனக் குறிக்கின்றது. எருதுமுக அரக்கன் வாழ்ந்ததாகக் கூறப்படும் லபிரிந்து, இங்கே தேன் பெறும் தெய்வத்தின் இடமாகக் காட்சியளிக்கின்றது.

வென்றிஸ் 1956 இல் வாகன விபத்தில் தம் முப்பத்துநான்காம் வயதில் இறந்தார். மாளிகையை முதலில் எழுப்பியோரின் லீனியர் ஏ இன்னும் வாசிக்கப்படவில்லை. அவ்வேடுகளும், 1908 இல் பைஸ்தோஸிற் கிடைத்த வட்டத் தகடும் இராக்லியோன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைகளுள் வைக்கப்பட்டுள்ளன. தம்மை இன்னவர் என அம்மக்கள் அழைத்துக்கொண்ட பெயர் எதுவென்பதை அவற்றின் எழுத்து இன்றும் மறைத்தே வைத்திருக்கின்றது.