சண்டேசுரர் திருமுன் எழும் கையொலி

சிவாலயத்தை வலம்வருவோர் வடபுறத்தே கோமுகிக்கு அணித்தாகச் சண்டேசுரநாயனார் திருமுன் நின்று கைதட்டுதல் நாடோறும் காண்பதொன்றாம். அவர் செவிகேளாதவர் என்று உரக்கத் தட்டுவாரும், உடுத்த ஆடையின் நூலைப் பிரித்து அவர்மேல் எறிவாரும் உளர். அந்நூல் திருமேனியிற் சிக்கிக் கிடத்தல் காணச் சகியாதது. ஆறுமுகநாவலரவர்கள் சைவவினாவிடையில் விதித்தது, தாளத்திரயஞ்செய்து சிவதரிசனபலத்தை வேண்டுதலேயாம். கோயிற்பொருள் யாதுங் கொண்டிலேம் என வெறுங்கை காட்டுதலே கைதட்டுதலின் கருத்தென்பது உலகவழக்கு. நூல்விதி அதுவன்றாயினும், அவ்வழக்கைப் பொருளற்றதென்று தள்ளுதல் கூடாது. சோழர்காலத்துக் கல் அதற்குச் சான்றாய் நிற்கின்றது.

திருச்சேய்ஞலூர் விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் ஆத்திநிழலில் மணலால் இலிங்கம் அமைத்துப் பாலாட்டியதும், பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தை எச்சதத்தனின் தாள்களை எறிந்ததும் யாவரும் அறிவர். முதல் இராசேந்திரன் (1014–1044) எடுத்த கங்கைகொண்டசோழபுரத்துத் திருக்கோயிலில், வடபுற வாயிற்படியருகே இவ்வரலாறு சிற்பமாய் விளங்குகின்றது. உமையம்மையோடு வீற்றிருக்கும் பெருமான் தமது திருக்கரத்தாற் கொன்றைமாலையைத் தொண்டர் முடியிற் சுற்றுகின்றார். தொண்டரோ கைகூப்பித் தலைதாழ்ந்து அமர்ந்துளார். அவர் முகத்தில் தாளெறிந்த சினத்தின் சுவடும் இல்லை. இஃது இராசேந்திரனுக்கே இறைவன் முடிசூட்டுவது என்பாரும் உளர். அருகிலுள்ள சிறு சிற்பங்கள் ஆன்மேய்த்தலையும் தாளெறிதலையும் காட்டுதலின், நாயனார் வரலாறென்பதே தெளிவு. அரசன் தன்னையும் அந்நிலையில் வைத்து எண்ணினானெனின் அது வேறு. சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் அருளுதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே சிற்பி இதனைச் செதுக்கினான் என்பது கருதத்தக்கது.

முதல் இராசராசன் (985–1014) எடுத்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், ஊர்ச்சபையார் கோயிற்பண்டாரத்துக் காசைச் சண்டேசுரரிடத்துக் கடனாகப் பெறுகின்றனர். காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு வட்டி. கோயிலுக்கு நிலம் கொள்வதும் விற்பதும் அவர் பெயராலேயே நிகழ்ந்தன. பிற்காலச் சோழர் சாசனங்களிற் சண்டேசுரப் பெருவிலை என்றொரு விற்பனை முறையே காணப்படுகின்றது. உழவனும் வணிகனும் கணக்குத் தீர்த்தது இந்நாயனார் முன்னிலையிலாம். அத்தகையார்முன் வெறுங்கை காட்டுதல் இயல்பன்றோ?

நூலெறிதலுக்கும் ஒரு தோற்றுவாய் இருத்தல் கூடும். தாம் உண்டனவும் உடுத்தனவும் சூடினவும் இவர்க்கே உரியவாக இறைவர் அருளினார் என்பது புராணம். ஆடை சாத்தும் அந்நினைவே கிழிந்த நூலாய்த் தேய்ந்தது போலும்.