செஞ்சிக்கு வந்த சாமியார்கள்

செஞ்சின்னா நமக்கு தேசிங்கு ராஜாதான் ஞாபகம், இல்லையா? அவருக்கு நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி, 1597-ல், பிமெந்தா என்ற இயேசு சபைக் குரு இங்கே வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் மரியாதையாக வரவேற்று, கோயில் கட்ட அனுமதியும் கொடுத்தார்.

பிற்பாடு செஞ்சிச் சீமையிலும் ஊழியம் செய்த அருளானந்தருக்கு மறவர் நாட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. தடியத் தேவர் ஞானஸ்நானம் வாங்க, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். அவர்களில் ஒருத்தி சேதுபதி வீட்டுப் பெண். விளைவு: 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

குருமார் ரொம்பக் குறைவு. அவங்க வராத ஞாயிறுகளில் ஜெபம் சொல்லி, சபையைக் கட்டிக்காத்தவங்க உபதேசியார்கள்தான். 1686-ல் அருளானந்தரோடு அவங்களும் அடி வாங்கினாங்க.

இதில் மதம் மட்டுமில்லை, அரண்மனை மானமும் இருக்கு. ஓரியூருக்காக அழும்போது, விலக்கப்பட்ட அந்தப் பெண்களையும் நினைக்கணும்னுதான் நான் சொல்வேன்.