குன்றின்மேல் ஒரு காய்கறிப் பாத்தி

இங்கிலாந்தில் 1649-ஆம் ஆண்டு முதலாம் சார்லஸ் மன்னன் தலை துணிக்கப்பட்டான் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள், சர்ரே மாவட்டத்துச் செயின்ட் ஜார்ஜ் குன்றின்மேல் சில ஏழைகள் மண்வெட்டியுடன் ஏறிய செய்தியைப் பள்ளி நூல்கள் அவ்வளவாகக் கூறுவதில்லை.

அவர்கள் விதைத்தவை யாவை? பார்ஸ்னிப் என்னும் வெண்கிழங்கு, நம்மவர் மஞ்சள் முள்ளங்கி என வழங்கும் காரட்டு, அவரை, இவ்வளவே. இதற்கு ஓர் அரசு கலங்கிற்று என்றால் வியப்பாக இல்லையா? அண்டை ஊரினர் ஒருவர் முறையிட, ஆட்சி மன்றம் படைத்தலைவர் பேர்பாக்ஸுக்கு எழுதிற்று. தோண்டுவோரின் தலைவர் இருவர் அவர்முன் சென்றனர். தொப்பியைக் கழற்ற மறுத்தனர். அவரும் தம்மைப் போன்ற ஒரு மனிதரே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அவ்விருவருள் ஒருவர் கெரார்டு வின்ஸ்டான்லி. இலண்டனில் துணி வணிகம் செய்து, உள்நாட்டுப் போரில் பொருளிழந்து, சர்ரேயில் மாடு மேய்த்துப் பிழைத்தவர். அக்காலத்தில் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியிருந்தது. குன்றோ ஊர்ப் பொது நிலம், மணற்பாங்கான தரிசு. ஏழைகள் அத்தகைய நிலங்களில் மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். உழுது பயிரிட உரிமையில்லை. கூலிக்கு உழுபவன் ஆண்டு முழுதும் மண்ணிலேயே நிற்கிறான். ஆயினும் அவன் கை பறிப்பது பிறர் கலத்துக்குப் போகிறது. தான் விதைத்ததைத் தானே பறித்துத் தன் அடுப்பில் ஏற்றும் அன்றுதான் நிலம் அவனுக்கு உறவாகிறது. நிலக்கிழார்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே எண்ணுகிறேன். சில பிடி கிழங்கைக் கண்டா அவ்வளவு சினம் வரும்?

ஆட்கள் வந்து பயிரை அழித்தனர், குடிசைகளைப் பிரித்தனர். பெண்ணுடை பூண்ட ஆடவர் சிலர் நால்வரை நையப் புடைத்தனர். அத்துமீறல் வழக்கும் தொடர்ந்தது. ஆகஸ்டில் அவர்கள் அருகிலுள்ள வேறொரு பொது நிலத்துக்குப் பெயர்ந்தனர். 1650 ஏப்ரலில் அங்கும் குடிசைகள் எரிக்கப்பட்டன. விதைத்தவற்றுள் பெரும்பகுதியை அவர்கள் பறித்துண்ணவே இல்லை.

அதன்பின் நாடெங்கும் பொது நிலங்கள் வேலியிடப்பட்டன. பாராளுமன்றச் சட்டங்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இயற்றப்பட்டன. நிலமிழந்த உழவர் ஆலைகளுக்குச் சென்றனர். எனினும் ஒரு துண்டு மண்ணுக்கான ஏக்கம் தணியவில்லை. 1908-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்போருக்குக் காய்கறித் துண்டு நிலங்களை வாடகைக்குத் தேடித் தருவதை ஊர் மன்றங்களின் கடமையாக்கிற்று. ஒரு துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். 1939-இல் போர் மூண்டபோது, ஏழைகளைத் தோண்டாதே என்று தடுத்த அதே நாட்டரசு, வெற்றிக்காகத் தோண்டுங்கள் என்று எல்லோரையும் வேண்டிற்று! இலண்டன் கோட்டையின் அகழியிலும் காய்கறி விளைந்தது. இன்றும் பல நகரங்களில் ஒரு துண்டு நிலத்துக்காகப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

செயின்ட் ஜார்ஜ் குன்று இன்று செல்வர் மாளிகைகளும் கோல்ப் திடலும் கொண்ட தனியார் குடியிருப்பு. வாயிலில் காவல் உண்டு. 1999-இல், முந்நூற்றைம்பதாம் ஆண்டு நினைவாக ஒரு குழுவினர் அங்கே ஏறி மீண்டும் காய்கறி நட்டனர். சில நாட்களில் நீதிமன்ற ஆணை வந்தது, இறங்கினர்.